மூன்றாம் பக்கத்தில் ஒரு புறா

கண்ணாடிக் கடைக்காரம்மா கோழி மாதிரி கூவிக் காட்டியபோது கமா சிரித்துவிட்டான். சிரித்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். பள்ளி நூலகத்தின் ஓர மேசையில் அவர்கள் மூன்று பேர் மட்டும்தான். நடுவில் எடிட்டரின் கைபேசி பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

"சிரிச்சாத் தப்பில்லைப்பா," என்றார் அந்த அம்மா. "அன்னிக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. நானும்தான் சிரிச்சேன்."

எடிட்டர் பதினொன்றாம் வகுப்பு மாணவி. பள்ளிப் பத்திரிகைப் பொறுப்பை அவள் கையில் கொடுத்த நாளிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். உதவிக்கு இருந்த அவள் வகுப்புப் பையனுக்குக் கமா என்று பெயர் வைத்தவளே அவள்தான். மூன்று சொல் சேர்ந்தாற்போல் எழுதி நடுவில் ஒரு கமா போடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. போர் முடிந்து முப்பது வருடம் ஆகிறது, அதைப் பற்றி ஒரு சிறப்பிதழ் கொண்டுவரலாம் என்று மொழிப்பாட டீச்சர் சொன்னதும் இரண்டு பேரும் வாசல் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். போர்க்காலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தவர்கள் யாராவது இருந்தால் வந்து பேசலாம் என்று. பல நாள் யாரும் வரவில்லை. வந்த ஒரு பெரியவரும் போரை விட்டுவிட்டுத் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் கடைத்தெருவில் புதிதாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இந்த அம்மா வந்தார். எடிட்டரின் மூக்கில் இருந்த கண்ணாடியே அவர் கடையில் போட்டதுதான். வந்ததும் வராததுமாக அதைக் கழற்றி வாங்கி, தளர்ந்திருந்த காதுப்பிடியை விரலால் வளைத்துச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் பேசவே உட்கார்ந்தார்.

ஊரைப் பிடித்த சிப்பாய்கள் இந்தத் தெருக்களில் இருந்த குடும்பங்களை எல்லாம் பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுவந்து அடைத்தார்களாம். வாரக்கணக்கில் அங்கேயே படுக்கை, அங்கேயே சாப்பாடு. சில்லறை வேலைகளுக்கு உள்ளூர்ப் பையன்கள் நான்கைந்து பேரைப் பிடித்துக் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். அதில் ஒருவனிடம் கழிவறைச் சாவி இருந்தது.

"என் அப்பா இங்கதான் சயின்ஸ் வாத்தியார். அந்தப் பையன் அவர் வகுப்புலயே படிச்சவன். ஒரு நாள் பாடம் நடக்கும்போது கோழி மாதிரி கூவினான்னு அப்பா அவனை வெளிய நிக்க வச்சிருக்காரு. அது அவன் மனசுல இருந்திருக்கு. அப்பா கதவுகிட்ட போய் நின்னா, கூவுங்க சார், திறக்கறேன்னுவான். மத்தவங்களை ஒண்ணும் கேக்க மாட்டான். அப்பாவை மட்டும். சிப்பாய்ங்க நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து வேடிக்கை பார்ப்பாங்க. அப்பா அடக்கி அடக்கிப் பார்ப்பாரு. கடைசில கூவுவாரு."

அவர் சேலை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உசிரு போகலை, அடி கூட விழலை. வெளிய வந்தப்புறம் இதெல்லாம் ஒரு கஷ்டமான்னு கேட்டாங்க. ஆனா அப்பா அதுக்கப்புறம் பாடம் நடத்தவே போகலை. எங்க முகத்தைப் பார்த்துப் பேசலை. நான் சிரிச்சதை அவர் பார்த்தாரு. அது எனக்குத் தெரியும்."

"அந்தப் பையன் பேரு ஞாபகம் இருக்கா ஆன்ட்டி?" என்று கமா கேட்டான்.

"நிஜப் பேரு தெரியாதுப்பா. இப்ப எதிர்ல வந்து நின்னாலும் அடையாளம் தெரியாது. மைனான்னு கூப்பிடுவாங்க. யார் குரல்ல வேணும்னாலும் பேசுவான்."

எடிட்டர் கைபேசியை எடுத்துப் பதிவை நிறுத்தினாள். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றாள். கமா எட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது.

எடிட்டருடைய அப்பா மைக் செட்காரர். கல்யாணம், பொதுக்கூட்டம், பள்ளி விழா எதுவானாலும் ஊரில் அவருடைய ஒலிபெருக்கிதான். நிகழ்ச்சி தொடங்கத் தாமதமானால் அவரே மைக்கைப் பிடித்து மந்திரி மாதிரி, மாமியார் மாதிரி, மூக்கடைத்த ரேடியோ மாதிரி பேசிக் கூட்டத்தைப் பிடித்து வைத்துவிடுவார். அப்பாவோடு சேர்ந்து வளர்ந்த இரண்டு மூன்று பேர் மட்டும் தெருவில் வண்டியை நிறுத்தி, "டேய் மைனா!" என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். மைனாவின் மகள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் கையை விரித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

அன்று மாலை அப்பா தரையில் உட்கார்ந்து ஒரு மைக்கின் தலையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்பா, போர் நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். வேற எங்க போறது? மாமனார் வீட்டுக்கா? அப்ப கல்யாணமே ஆகலையே," என்று சிரித்தார்.

"நம்ம ஸ்கூல் உள்ள இருந்தீங்களா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் துடைத்தது. "தண்ணி டிரம் தூக்கிட்டிருந்தேன். எதுக்குக் கேக்கறே? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. பத்திரிகைக்கு."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? பாட்டுப் போட்டி, விளையாட்டுன்னு ஏதாவது போடுங்களேன்." சாப்பிடும்போது அவர் யார் மாதிரியும் பேசவில்லை. அம்மா இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று. கையை விலக்கிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார். எடிட்டருக்கு அவர் மேல் கோபம் வரும் என்று தோன்றியது. வந்தது கோபமாக இல்லை. வீட்டில் யாரோ துணி மாற்றும்போது தெரியாமல் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. திறந்தவளே வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மறுநாள் கணினி அறையில் மூன்றாம் பக்கத்தை அவளே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். அந்த அம்மா சொன்ன எல்லாவற்றையும் அடித்தாள். மண்டபத்தின் ஜன்னல்களுக்குப் பலகை அறைந்தது, ஒரு போர்வையை நான்கு பேர் பகிர்ந்துகொண்டது, குழந்தை ஒன்று அங்கேயே நடக்கப் பழகியது எல்லாம் வந்தது. கோழி வந்த இடத்தில் கை நின்றது. 'அங்கே பல அவமானங்களைச் சந்தித்தோம்' என்று அடித்தாள். அவமானங்களை அழித்துவிட்டுச் சிரமங்கள் என்று போட்டாள். படித்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் எந்தக் கேள்வியும் எழாது. ஆனால் பக்கத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம் விழுந்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், வரி இடைவெளியை இழுத்துப் பார்த்தாள், நிரம்பவில்லை. கடைசியில் இணையத்திலிருந்து ஒரு வெள்ளைப் புறாவை எடுத்து அங்கே ஒட்டினாள். அலகில் இலையோடு அது பக்கத்தை விட்டு வெளியே பறக்கிற மாதிரி இருந்தது.

கமா அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கமா எதையும் போடவில்லை.

"கோழி எங்க?"

"இடம் பத்தலை."

"இடம் பத்தாமதான் புறா விட்டிருக்கியா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஆன்ட்டி நம்மகிட்ட வந்ததே அதைச் சொல்லத்தான். வேற யார்கிட்டயும் சொன்னதில்லைன்னு சொன்னாங்கல்ல," என்றான்.

"நான்தானே எடிட்டர்?" என்றாள் அவள். சொன்ன மாத்திரத்தில் அது தனக்கே பிடிக்காத ஒரு குரலாக அவள் காதில் விழுந்தது. கமா பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போனான். அதன் பிறகு அவளோடு பேச வேண்டியதை எல்லாம் டீச்சர் மூலமாகப் பேசினான்.

பத்திரிகை வெளியீடு அதே மண்டபத்தில் நடந்தது. ஒலிபெருக்கி வழக்கம்போல் அப்பாவுடையது. காலையிலேயே வந்து, பக்கச் சுவரோரம் ஒரு மேசை போட்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வைத்துவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார். விழா தொடங்கத் தாமதமானபோது பிள்ளைகள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் மைக்கைத் தொடவே இல்லை. கண்ணாடிக் கடைக்காரம்மா இஸ்திரி போட்ட சேலையில் முன்வரிசையில் இருந்தார். எடிட்டர் மேடையோர நாற்காலியில் கைகளைத் தொடையடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கும் அந்த அம்மாவுக்கும் இடையே இருந்த தூரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள். அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

முதல் பிரதியை டீச்சர் அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவர் நின்றபடியே மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். கண் மேலிருந்து கீழே வந்தது, புறாவில் வந்து நின்றது, மறுபடி மேலே போய்த் தேடியது. பிறகு தாளை அழகாக மடித்துக் கைப்பையில் வைத்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் டீச்சர்.

"பிள்ளைங்க நல்லா எழுதியிருக்காங்க," என்று தொடங்கினார். "நான் சொன்னதுல ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. இடம் பத்தாம இருந்திருக்கும். பரவாயில்லை. அதை நானே சொல்லிடறேன். இந்த மண்டபத்துக்குப் பின்னாடி இருந்த கழிவறைக்கு ஒரு சாவி இருந்துச்சு. என் அப்பா இங்க வாத்தியாரா இருந்தவரு. அவர் அந்தக் கதவுகிட்ட போனா…"

அந்த இடத்தில் ஒலி நின்றுவிட்டது.

"கரண்ட் போச்சு," என்று யாரோ சொன்னார்கள். தலைக்கு மேலே மின்விசிறிகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அம்மா மைக்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு அது இல்லாமலே தொடர்ந்தார். மெல்லிய குரல். முதல் இரண்டு வரிசை அசையாமல் இருந்தது. பின்னால் இருந்த பிள்ளைகள், "கேக்கலை! கேக்கலை!" என்று கத்தினார்கள்.

எடிட்டர் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசையடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்திருந்தார். ஒரு கை மட்டும் ஆம்ப்ளிஃபயர் விசையின் மேல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் கணினி அறையில் அழிக்கும் பொத்தானின் மேல் இருந்த தன் விரல்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்தாள். மண்டபத்தைக் குறுக்காகக் கடந்து நடந்தாள். வரிசைக் கடைசியில் இருந்த கமா காலை மடக்கி அவளுக்கு வழிவிட்டான். மேசையருகே போய் நின்றாள். அப்பா நிமிர்ந்தார். மார்க் குறைந்த பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து டீச்சரிடம் நீட்டும் பிள்ளைகளிடம் அவள் பார்த்திருக்கிற முகம் அது. இத்தனை நாளாக மகளுக்குத் தெரியும் என்பது அவள் வந்து நின்ற விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீ போய் உக்காரு," என்றார் மெதுவாக. அவள் போகவில்லை.

அவர் விசையைத் தட்டினார். ஒலிபெருக்கிகள் ஒரு தடவை கிறீச்சிட்டன. பிறகு அந்த அம்மாவின் குரல் மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் வந்தது. "…கூவினாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். அவர் பொண்ணு நானும் சிரிச்சேன்." அதற்குமேல் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. அப்பா அதைக் குறைக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. மைனா என்ற பெயரை அந்த அம்மா கடைசிவரை சொல்லவில்லை. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் தட்டி, பாதியில் விட்டார்கள்.

கூட்டம் கலைந்தபோது அந்த அம்மா மேசையைக் கடந்து போனார். போகிற போக்கில் நின்று, "கடைசில சரி பண்ணிட்டீங்க, நன்றிங்க," என்றார். நாள் பூராவும் எல்லார் குரலிலும் பேசுகிற மனிதர் வாயைத் திறந்தார். கையை மட்டும் நெஞ்சருகே கொண்டுபோனார். அந்த அம்மா எடிட்டரைப் பார்த்தார். கண்ணாடியை அல்ல, கண்ணைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி நிமிர்ந்தபோது அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

அப்பா மேசையில் கிடந்த ஒரு பிரதியை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த இடத்துலதான் இருந்துச்சா?"

"ஆமாப்பா."

"நீயா எடுத்தே?"

"ஆமா."

அவர் பிரதியை மடித்து மேசையிலேயே வைத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒயர்கள் எல்லாம் தரையில் அப்படியே கிடந்தன. அவர் அவற்றைத் தாண்டி, செருப்பைக் கூடப் போடாமல், வெயிலில் இறங்கி நடந்தார்.

அவள் பள்ளி வாசல்வரை பின்னால் போனாள். அதற்குமேல் கால் போகவில்லை. தெருவின் எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் கண்ணாடிக் கடைக்காரம்மா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்பா கொஞ்சம் தள்ளி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுடுகிற தரையில் கால் மாற்றிக் கால் வைத்தார். ஒரு பேருந்து வந்து இரண்டு பேரையும் மறைத்தது, இரைந்தது, கிளம்பிப் போனது. இரண்டு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். அந்த அம்மா அவர் நின்ற பக்கம் பார்க்காமலே, பெஞ்சில் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை அடைத்திருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.