குறை சொல்லாச் சங்கம்

இல்மா ராவ்டியோவின் கடையில் பாதி குடித்த கிளாஸ்கள் பெருகிக்கொண்டே போயின.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. திட்டிவிட்டுப் போகிற வாடிக்கையாளனைச் சமாளித்துவிடலாம். பாதி பீரை மேஜையிலேயே விட்டு, சிரித்து, டிப்ஸும் வைத்துவிட்டுப் போகிறவனை என்ன செய்வது?

வருகிற சனிக்கிழமை திருவிழா. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் இருக்கும் சின்ன பீர் ஆலைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் உண்டு. அது நடத்தும் திருவிழாவில் சங்கத்தின் பெயரிலேயே ஒரு பீர் ஊற்றுவார்கள். அதைக் காய்ச்சும் முறை இந்த வருடம் இல்மாவுக்கு. பழைய தீயணைப்பு நிலையத்தில் கடையோடு சேர்த்து அவள் நடத்தும் ஆலை ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. கரை முழுக்கத் திரண்டு வந்து குடிக்கப்போகும் அந்தப் பீர் பிடித்துப்போனால் பிழைக்கலாம். இல்லையென்றால் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்.

பீப்பாய்கள் தயார். சிக்கல் என்னவென்றால், கடையில் ஜனங்கள் பாதியில் வைத்துவிட்டுப் போவதும் அதே பீரைத்தான்.

சங்கத்தைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தலைவர் டுவைட் லபான்ட்டும், மேற்கே ஆலை வைத்திருக்கும் பெத் கிவேலாவும் வந்தார்கள். சங்கத்தின் உறுதுணைக் குழு என்றால் இவர்கள் இருவரும்தான்.

"எப்படி இருக்கு டுவைட்?"

டுவைட் பீரை வாய்க்குள் இரண்டு சுற்று உருட்டினார். கண்ணை மூடினார். திறந்தார். "சுவாரஸ்யமா இருக்கு."

"சுவாரஸ்யம்னா?"

"தைரியமான பீர், இல்மா."

"பெத், நீ சொல்லு."

"உன்னைத் தவிர வேற யாராலயும் இப்படிக் காய்ச்ச முடியாது" என்றாள் பெத்.

"நல்லா இல்லைன்னா சொல்லித் தொலைங்களேன்! சனிக்கிழமை ஊரே குடிக்கப்போகுது."

"சேச்சே, அதைச் சொல்ல நாங்க யாரு?" என்று டுவைட் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். படம் எடுத்துக்கொண்டார்கள்.

தப்பு அவர்கள் மேல் இல்லை. சங்கத்தின் முதல் விதி அப்படி: உறுப்பினர் பீரை உறுப்பினர் குறை சொல்லக்கூடாது. ஒரு மார்ச் மாதத்தில், ஒருவர் பீரில் நனைந்த நாய் வாடை அடிக்கிறது என்று இன்னொருவர் சொல்லப்போக, கைகலப்பாகி, இரண்டு பேரையும் ஏரியின் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து கொக்கி போட்டு இழுக்கவேண்டியதாயிற்று. அன்றைக்குப் போட்ட விதி.

உறுதுணைக் குழு போனபிறகு இல்மா பார்த்தாள். இரண்டு கிளாஸும் ததும்பிக்கொண்டு நின்றன.

இரண்டாவது விதி ஒன்றும் உண்டு: பெரிய ஆலையோடு எந்த உறவும் கூடாது. பெரிய ஆலை, தெற்கே மாநில எல்லைக்கு அப்பால் இருந்தது. சங்கத்தின் ஒவ்வொரு கூட்டமும் அதைத் திட்டித்தான் தொடங்கும்.

திங்கட்கிழமை காலை இல்மா ஒரு பாட்டிலைக் காகிதப் பையில் சுற்றிக்கொண்டு தெற்கே வண்டியை விட்டாள்.

பெரிய ஆலையின் தலைமைச் சுவையாளர் வெர்லின் ஹாக், பழுத்த கிழவர். அவள் யாரென்று கேட்கவே இல்லை. நாற்காலி ஏற்கெனவே இழுத்துப் போட்டிருந்தது.

"சங்கமா?"

"ஆமா."

"ம். ஊத்துங்க."

ஒரே ஒரு முறை முகர்ந்தார். "சினிமா தியேட்டர் பாப்கார்ன்."

"என்னது?"

"வெண்ணெய் வாசனை. பீர் புளிக்கும்போது ஈஸ்ட் அதை உண்டாக்கும். கொஞ்சநாள் கதகதப்புல விட்டா அதுவே தின்னு தீர்த்துடும். நீங்க சீக்கிரமே குளிர வச்சு அதைத் தூங்கப் பண்ணிட்டீங்க. அப்படி என்ன அவசரம்?"

"விளம்பரத்துக்குப் படம் எடுக்கணும், பீப்பாய் சீக்கிரம் வேணும்னு சங்கத்துல கேட்டாங்க."

கிழவர் சிரிக்கவில்லை. இரண்டு கோப்பைகளை அவள் முன் நகர்த்தினார். "ஒண்ணுல வெண்ணெய் இருக்கு. எதுல?"

இல்மா முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே?"

"இடது கையில இருக்கறதைக் கொஞ்சம் தள்ளி வைங்க, எனக்குக் குமட்டுது. சில மூக்குக்கு இந்த வாசனை மட்டும் எட்டாதும்மா. குத்தமில்லை. பக்கத்துல வேற ஒரு மூக்கை வச்சுக்கணும், அவ்வளவுதான்."

"இப்போ காப்பாத்த முடியுமா?"

"வேற தொட்டியில நுரைச்சுக்கிட்டிருக்கற பீர் ஏதாவது இருக்கா? அதுல கொஞ்சம் எடுத்து ஒவ்வொரு பீப்பாய்லயும் விடுங்க. புது ஈஸ்ட் பசியோட இருக்கும். கதகதப்பா வைங்க."

எழுந்தவள் தயங்கினாள். "நாங்க உங்களை எதிரின்னுதான் சொல்லிக்கிட்டிருக்கோம். எதுக்கு எனக்கு உதவறீங்க?"

"மோசமான பீரைக் குடிச்சவன் அடுத்த வாரம் ஒயினுக்குப் போயிடறான். அவன் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

கதகதப்புக்கு எங்கே போவது? குளிர்காலத்தை மனதில் வைத்துக் கட்டிய எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு ஒரு சாவ்னா உண்டு. வெந்நீராவியில் உட்கார்ந்து வேர்த்து எழும் மர அறை. இல்மா தன் வீட்டு சாவ்னாவில், மனிதர்கள் உட்காரும் பலகைகளில் பீப்பாய்களை வரிசையாக ஏற்றினாள். அடுப்பில் இரண்டே இரண்டு விறகு. அதற்கு மேல் போனால் பீர் வெந்துவிடும்.

மூக்குக்கு ஜோலீன் வந்தாள். கடையில் பீர் ஊற்றித் தருகிறவள்.

"ஓ, அந்த வெண்ணெய் வாசனையா?" என்றாள் ஜோலீன்.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். நீங்க வேணும்னே வச்சதுன்னு நெனச்சேன். டுவைட்கூடத் தைரியமான பீர்னு சொன்னாரே!"

வியாழக்கிழமை ஜோலீன் கடைசிப் பீப்பாயையும் முகர்ந்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினாள். பீப்பாய்கள் குளிர் அறைக்குப் போயின. இல்மா மூன்று நாட்களுக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்கத்தின் அவசரக் கூட்டம்.

பொரித்த மீன் தட்டுகளுக்கு நடுவே டுவைட் தன் போனை உயர்த்திப் பிடித்தார். திரையில் இல்மாவின் நீல வண்டி, கதவில் அவள் ஆலையின் பெயர். பின்னால் பெரிய ஆலையின் புகைபோக்கி.

"வருத்தமான விஷயம்" என்றார் டுவைட், வருத்தமே இல்லாமல். "ரெண்டாவது விதி. இல்மாவோட பீர் நாளைக்கு ஊத்தப்படாது. பதிலுக்கு என் கறுப்புப் பீர், அந்த ஸ்டவுட்டைத் தரேன், தியாகம்தான். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் எழத் தொடங்கின. இல்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டுவைட், ஒரு சந்தேகம். அந்த இடம் ஆலைக்குப் பின்பக்கம். கேட்ல பேர் சொல்லி, உள்ளே ஆளைப் பார்க்கணும்னாத்தான் விடுவாங்க. படம் எடுத்தது யாரு?"

"ஒரு... நலம்விரும்பி."

"ஓரத்துல, படம் எடுத்த வண்டியோட ஸ்டீயரிங் தெரியுது. மேல ஒரு மர மீன் பொம்மை தொங்குது. போன கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு நான் செதுக்கிக் கொடுத்த மீன் மாதிரியே இருக்கு."

டுவைட்டின் காது சிவந்தது.

"சரி, வேற யாரெல்லாம் அந்தக் கேட்டைப் பார்த்திருக்கீங்க?" என்று இல்மா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

எழுந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கி முள்கரண்டியைத் தேடின. எல்லோருக்கும் திடீரென்று மீனில் முள் தட்டுப்பட்டது.

நேரமின்மையால் தீர்மானம் ஒத்திவைக்கப்படுகிறது என்றார் தலைவர். மணி மூன்றுகூட ஆகவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்குள் இல்மாவின் பீப்பாய்கள் காலி. இரண்டு உணவகங்களிலிருந்து ஆள் வந்து, மாதாமாதம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மேடையில் டுவைட், பெரிய ஆலைகளின் சூழ்ச்சியைச் சின்ன ஆலைகள் ஒற்றுமையால் முறியடிப்பது பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்.

கைதட்டலுக்கு நடுவே பெத் கிவேலா இல்மாவின் காதருகே குனிந்தாள்.

"அந்தக் கிழவர்கிட்டப் போறதுக்குத் திங்கள் டுவைட்டோட நாள். அது தெரியாமப் போய்த்தான் நீ மாட்டிக்கிட்டே. செவ்வாய் என்னோடது. வியாழன் காலியா இருக்கு, எடுத்துக்கிறியா?"