அப்பாவுக்கு வேண்டியது ஓட்டா, சாப்பாடா?

1
இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. கென்யாவின் நியேரியில் எனக்கும் பக்கத்து வீட்டு நியாகுதீக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். (அதில் ஓர் ஆணித் துளையும் உண்டு. எழுத்தாளனிடம் வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேகம் தவழும் மலையடிவாரத்தில், ஒரு தாயின் நெஞ்சம்..." சேச்சே. அடித்துவிட்டேன்.

2
நியாகுதீயின் மகள் கதோனிக்கு எட்டு வயது. இன்னொரு வருஷமும் இரண்டாம் வகுப்பிலேயே, தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். நியாகுதீ பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை போட்டாள். அதனால் வைரிமு டீச்சர் வீட்டுக்கு வந்து வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. ஸ்வாஹிலியில் ஒரு பக்கக் கதை. மூன்று தப்பு விழுந்தால் அதே வகுப்பு, அதே பெஞ்ச்.

(டீச்சரைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். சேற்றில் அவ்வளவு தூரம் நடந்து வந்தவரைத் திட்ட மனம் வரவில்லை.)

3
இரண்டு தப்பு ஆகிவிட்டது. நியாகுதீக்கு உருளைக்கிழங்கு உரிக்கக் கை ஓடவில்லை. கடைசி வரி: "பாபா அனதாகா குலா." அப்பாவுக்குச் சாப்பிட வேண்டும்.

கதோனி வாசித்தாள்: "பாபா அனதாகா குரா."

அப்பாவுக்கு ஓட்டு வேண்டும்.

(எங்கள் பக்கத்துக் கிக்குயு மொழி பேசும் நாக்குக்கு 'ல' ஆகாது. எல்லாம் 'ர'தான்.)

"தப்பு. நல்லாப் பாத்துப் படி."

"குரா."

"குரா இல்லடி, குரா!" என்றார் டீச்சர்.

நியாகுதீ கத்தியைக் கீழே வைத்தாள். "டீச்சரம்மா, நீங்களும் ரெண்டு வாட்டி ஓட்டுதான் கேட்டீங்க. எந்தக் கட்சி?"

"வெளையாடாதீங்க, கதோனியம்மா. பேப்பர்ல இருக்கறத வாசிக்கணும்."

"புரிஞ்சு வாசிச்சாளான்னு கேளுங்களேன்!"

"ஏண்டி, அப்பாவுக்கு என்ன வேணும்?"

"பசிக்குது அவருக்கு. சோளமும் பீன்ஸும் வேகவச்ச கிதேரி போடணும்."

4
முடிவு ஒன்று: டீச்சர் மூன்றாவது தப்பையும் போடுகிறார்.

முடிவு இரண்டு: தாயும் மகளும் கட்டிக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் வடி— எனக்கே சகிக்கவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான்: டீச்சர் வெகுநேரம் பென்சிலைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "இதே வார்த்தைக்குத்தான் என்னையும் ஒரு வருஷம் ஒக்கார வச்சாங்க," என்றார். நியாகுதீ கத்தியை எடுத்து மறுபடி உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள். துளையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன்.

டீச்சரின் தாளில் மூன்றாவது தப்புக்கான கட்டம் காலியாக இருக்கிறது. பென்சில் இனி உங்களிடம். ஆனால் அதற்கு முன்னால் 'தமிழ்' என்று ஒரே ஒரு தடவை உரக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது கேட்கும்படி.