பள்ளிப்பட்டிலிருந்து ஒரு குரல்

"கைல காட்டு தமயந்தி, மூஞ்சில அடிக்காத!"

மொட்டை மாடியின் ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று, ஹாம் ரேடியோவின் ஏரியல் கம்பியை இருட்டில் கட்டிக்கொண்டிருந்த நாகராஜன் கத்தினார். தமயந்தி டார்ச்சைத் திருப்பினாள். காலையில் கட்டலாம் என்றவரை அவள்தான் மேலே ஏற்றியிருந்தாள். "பொண்ணு இன்னா ஆனாளோன்னு வயிறு எரியுது, நீங்க இன்னாடான்னா விடியட்டும்ன்றீங்க!"

புயல் அடித்து இரண்டு நாள். திருத்தணியில் கரண்ட் இல்லை, போன் இல்லை. மகள் அபியின் வீடு பள்ளிப்பட்டில் ஆற்றோரத் தெருவில். அதே ஊரில் ராஜீவ் என்று ஒருவர் இவரைப் போலவே ஊர்விட்டு ஊர் பேசுகிற ரேடியோவும் லைசென்ஸும் வைத்திருந்தார். எப்படியும் செட்டைப் போட்டிருப்பார் என்பது நாகராஜனின் நம்பிக்கை. இருபது வருஷமாக அந்தப் பெட்டியைச் சக்களத்தி என்று திட்டிய தமயந்தி, இன்று மலைமேல் முருகனுக்கு அடுத்தபடியாக அதைத்தான் கும்பிட்டாள்.

கீழ் அறையில் ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த செட் திடீரென்று கரகரத்தது. "திருத்தணி நாகராஜன் சார்... பள்ளிப்பட்டு ராஜீவ் பேசறேன்... உங்க பொண்ணு இங்க..."

தமயந்தி ஓடினாள். டார்ச்சோடு ஓடினாள்.

"ஏய், லைட்ட வச்சிட்டுப் போ! நான் எப்படி எறங்குறது?"

"இதோ வரேங்க!"

படியின் பாதியில் இருந்தபோது வீட்டின் பின்பக்கம் தொப்பென்று ஏதோ விழுந்தது. தேங்காய் மட்டை என்றுதான் முதலில் நினைத்தாள்.

துவைக்கிற கல்லருகே அவர் கிடந்தார். பக்கத்து வீட்டு எல்லம்மாள் ஓடி வந்து, அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள், நெஞ்சில் கை வைத்தாள்.

"மூச்சு இல்லம்மா."

"இல்லக்கா, நல்லாப் பாரு. இப்பத்தான் என்னத் திட்டினாரு."

எல்லம்மாள் மறுபடி தொட்டுப் பார்க்கவில்லை. தமயந்தி அவர் முகத்தில் டார்ச் அடித்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜன்னலுக்கு உள்ளிருந்து குரல் வந்தது. "நைனா! அபி பேசறேன். நாங்கல்லாம் ஸ்கூல் மாடில கீறோம், நல்லாகீறோம். சுத்தியும் தண்ணி, ரெண்டு நாளைக்கு நவுர முடியாதாம். பேசு நைனா!"

தமயந்தி எழுந்து உள்ளே போனாள். அந்த நேரத்திலும் நெஞ்சு குளிர்ந்தது. அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மைக்கின் பட்டனை அழுத்தியிருக்கும்வரை செட்டில் சிவப்பு விளக்கு எரியும், இந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் அங்கே போகும். விட்டால்தான் அங்கிருந்து பேச்சு வரும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அபியைச் சுற்றிலும் வெள்ளம், இடுப்பில் கைக்குழந்தை. இவளிடம் எதைச் சொல்வது? அழுத்தினாள்.

"அபி, நைனா வெளிய போய்கீறாரும்மா. ஜனங்களுக்கு ஒத்தாசையா. வர லேட்டாவும். நீ சாப்ட்டியா? கொழந்தைக்குப் பாலுக்கு இன்னா பண்ற..."

ஜன்னலுக்கு வெளியே எல்லம்மாள் வீறிட்டாள்.

"ஐயோ நாகராஜு! எஞ்சாமி! பொண்ணு மொகத்தக் கூடப் பாக்காமப் போயிட்டியே!"

தமயந்தி குனிந்து மைக்கைப் பார்த்தாள். கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது.

விட்டால், நைனாவுக்கு என்ன ஆச்சு என்று அபி கேட்பாள். அவள் விடவில்லை. வெளியே அழுகை ஓயவில்லை. செட்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.