முதுகில் இரண்டு லிட்டர்

டிப்போவில் அவளுக்குப் பெயர் முப்பத்தாறு. அது அவள் ஓட்டுகிற பஸ்ஸின் நம்பரும் இல்லை, அவளுடைய வயதும் இல்லை. வயது நாற்பத்து மூன்றாகிறது. போன வருஷம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் முப்பத்தாறாவது கிலோமீட்டரில் கால் பின்னி, கண் இருட்டி, ரோட்டோரம் சாய்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். நாலு நாள் கழித்து வேலைக்கு வந்தவளைப் பார்த்து டைம்கீப்பர், "வாம்மா முப்பத்தாறு, உடம்பு தேவலாமா?" என்றார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் எட்டிப் பார்க்கும்.

இந்த வருஷமும் ஓடப் போகிறாள் என்று தெரிந்ததும் அதே மனிதர், "தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் உன்னால ஐம்பது முடிக்க முடியாதும்மா" என்றார். சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். வாய்க்கு வாய் பேசுகிற ஆள் இல்லை அவள். மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்கிற ஆள். இந்தத் தடவை எல்லைக் கோட்டைத் தாண்டாமல் வீடு திரும்புவதில்லை என்று அன்றைக்கே முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அந்த மனிதர் விளையாட்டாகச் சொன்ன தண்ணீர்தான் அவளுடைய உண்மையான சிக்கல். பத்தொன்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறாள். இருபத்தைந்து ஸ்டாப், போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். கடைசி ஸ்டாப்பில் கழிப்பறையே கிடையாது. டிப்போவில் உண்டு, ஆனால் ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவில் இருக்கிற ஐந்து நிமிஷத்தில் அங்கே வரிசை நகராது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில், நிறுத்தத்திலிருந்து இருபதடி தூரத்தில், சுத்தமான பொதுக் கழிப்பறை ஒன்று இருக்கிறது. தினம் எட்டுத் தடவை அதைக் கடந்து போகிறாள். ஒரு பஸ் நிறைய ஆட்களை உட்கார வைத்துவிட்டு டிரைவர் இறங்கிப் போவதாவது! அதனால் அவள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. குடித்தால்தானே போக வேண்டும்? வேலை நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. தாகம் வந்தால் அடுத்த ஸ்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவாள். நாளடைவில் தாகமும் இவளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், உடம்பில் தண்ணீர் வற்றித்தான் விழுந்தாய் என்று சொன்ன டாக்டர், சிறுநீரகத்தில் இரண்டு கல் இருப்பதையும் காட்டினார். அவள் கணவர் அதே டிப்போவில் மெக்கானிக். அவர் நேராகக் கடைக்குப் போய், ஓடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் தண்ணீர் வெஸ்ட் ஒன்றை வாங்கி வந்தார். கையில்லாத ஜாக்கெட் மாதிரி இருக்கும். முதுகுப் பக்கம் இரண்டு லிட்டர் பிடிக்கும் ரப்பர் பை. அதிலிருந்து ஒரு குழாய் தோளைச் சுற்றி நெஞ்சுக்கு வரும். குழாயின் நுனியைப் பல்லால் கடித்து உறிஞ்சினால் ஓட்டத்தை நிறுத்தாமலே குடிக்கலாம். பையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"பிரேக் லைன்ல காத்து எடுக்கற மாதிரிதான். காத்து இருந்தா முதுகுல களக் களக்குன்னு ஆடிக்கிட்டே இருக்கும்" என்றார்.

பந்தயத்தன்று காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். ஒரு மணிக்குள் முடித்தாக வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் கணக்கில் வராது. வெஸ்ட் முதுகில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஆடவில்லை, உரசவில்லை. எட்டு இருபதுக்கு இருபத்தைந்தாவது கிலோமீட்டர் பந்தலுக்குள் நுழைந்தாள். அங்கே காத்திருந்த கணவர் தண்ணீர் ரொப்புவதற்காக வெஸ்ட்டைக் கழற்றினார். தூக்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, தண்ணி அப்படியே இருக்கு."

"குடிச்சேனே."

"எங்க குடிச்ச? ரெண்டு லிட்டர் ஊத்தினேன், ரெண்டு லிட்டர் இருக்கு. கையைக் காலை ஆட்டிக்கிட்டு இதைச் சும்மா சுமந்துட்டு வரவா வாங்கிக் கொடுத்தேன்?"

அவளுக்கே நம்ப முடியவில்லை. யோசித்துப் பார்த்தாள். குழாய் பக்கம் கை போகும்போதெல்லாம், அடுத்த ஸ்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியிருக்கிறது. மூன்று மணி இருபது நிமிஷம், ஒரு செங்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடியது போல ஓடி வந்திருக்கிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது. நின்ற இடத்திலேயே பந்தல் சுழன்றது.

அங்கே இருந்த நர்ஸ் அவள் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். "அக்கா, கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனீங்க?"

"நேத்து."

"நல்லா இருக்கு. உட்காருங்க. இருபது நிமிஷத்துல தலை சுத்தறது நிக்கலைன்னா உங்க நம்பர் அட்டையை நானே கழட்டிடுவேன்." உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கையில் கொடுத்து, மடக் மடக்கென்று குடிக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும் என்று அதட்டிவிட்டுப் போனாள்.

கணவரைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "எனக்குத் தாகமே தெரிய மாட்டேங்குதுங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"எப்படித் தெரியும்? பத்தொம்பது வருஷமா அதை அடிச்சு விரட்டினவ நீதானே." அவர் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. "ரேடியேட்டர்ல ஊத்தி மூடி வெச்சா ஆச்சா? எஞ்சினுக்குள்ள ஓட வேண்டாமா? தாகத்தை நம்பாதே. வேற எது வந்தா நீ நிப்பே, அதைச் சொல்லு."

"ஸ்டாப் வந்தா நிப்பேன்" என்றாள் பட்டென்று.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மிச்சம் இருபத்தைந்து கிலோமீட்டர். அவள் ரூட்டில் இருபத்தைந்து ஸ்டாப். கிலோமீட்டருக்கு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பலகை வந்தால் ஸ்டாப், ஸ்டாப் வந்தால் இரண்டு வாய். நிறுத்தாமல் போக அவளுக்கு உரிமை இல்லை.

எட்டு நாற்பதுக்கு நர்ஸ் போகலாம் என்று தலையசைத்தாள். முதல் பலகை வந்ததும், "மார்க்கெட்!" என்று சத்தமாகச் சொல்லிக் குழாயைக் கடித்தாள். பக்கத்தில் ஓடிய ஆள் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். அடுத்து மாவு மில். அடுத்து பாலம், எப்போதும் கதவிலேயே தொங்கிக்கொண்டு வருகிற குடைக்காரர் ஏறுகிற இடம். "உள்ள போங்க சார்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். இரண்டு வாய். வெயில் ஏறியது. தொடை கனத்தது, ஆனால் தலை தெளிந்துகொண்டே வந்தது. ஏற்றத்தில் நடந்தாள், இறக்கத்தில் ஓடினாள், எந்த ஸ்டாப்பையும் விடவில்லை.

முப்பத்தைந்தாவது பலகையில் கை குழாய்க்குப் போகவில்லை. ஏன் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது. அடக்கிவிடலாம், இது என்ன பெரிய காரியம், பத்தொன்பது வருஷம் அடக்காததா? நேரம் வேறு ஓடுகிறது. முடித்த பிறகு பார்த்துக்கொண்டால் போகிறது.

அப்படியே ஒரு கிலோமீட்டர் ஓடினாள். முப்பத்தாறாவது பலகை வந்தது. போன வருஷம் சாய்ந்த இடத்து மைல்கல், அதே வளைவு, எதுவும் மாறவில்லை. அவள் கணக்கில் அது பதினோராவது ஸ்டாப். ஆஸ்பத்திரி.

கால் தானாகவே நின்றுவிட்டது. அடச்சே என்று இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷமாகத் தாகத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தாள். குடித்தால் போக வேண்டும், போனால் எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்கிற பயம்தான் அவளைப் போன வருஷம் இதே இடத்தில் குப்புறத் தள்ளியது. இப்போது அடக்கினால் இனி ஒரு வாய் இறங்காது. "ஆளை விடு சாமி" என்று சொல்லிவிட்டு ரோட்டை விட்டு இறங்கி, அடர்ந்த புதருக்குப் பின்னால் போனாள்.

இரண்டு நிமிஷம் ஆனது. அதற்குள் ஏழு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். உலகம் இடிந்து விழவில்லை. திரும்பி வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்று, விட்டுப்போன ஸ்டாப்புக்கும் சேர்த்து நாலு வாய் குடித்துவிட்டு ஓடினாள்.

நாற்பதில் மறுபடி ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டாள். நாற்பத்தைந்துக்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் பாதம் எரிந்தது. அழுதுகொண்டே ஓடினாள், அழுதுகொண்டே ஸ்டாப் பெயரைச் சொன்னாள், அழுதுகொண்டே குடித்தாள். கடைசி ஸ்டாப்பில் உறிஞ்சியபோது குழாய் சர்ரென்று காற்றை இழுத்தது. பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்குக் கோட்டைத் தாண்டினாள். கணவர் நேரத்தைப் பார்க்கவில்லை. வெஸ்ட்டிலிருந்து பையை உருவித் தலைகீழாகப் பிடித்து உதறினார். இரண்டு சொட்டு விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

திங்கட்கிழமை டைம்கீப்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முடிச்சிட்டியாமே, முப்பத்தாறு. இனிமே உன்னை ஐம்பதுன்னுதான் கூப்பிடணுமோ?"

"முப்பத்தாறே இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கதவு மூடுவதற்குள் இரண்டு வாய் குடித்தாள்.

இரண்டாவது ட்ரிப்பில், பஸ் நிறைய ஆட்களோடு ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. எல்லோரும் ஏறிய பிறகு எஞ்சினை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். எழுந்து பின்னால் திரும்பினாள்.

"எல்லாரும் ரெண்டு நிமிஷம் இருங்க. ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."

வழக்கம்போல் கதவோரம் நின்ற குடைக்காரர் கையைத் திருப்பி வாட்ச்சைக் காட்டினார். "டிரைவரம்மா, எனக்கு நேரமாகுதே!"

"எனக்கும்தான் சார், பத்தொம்பது வருஷமா" என்றபடி அவள் படியில் இறங்கினாள்.