அம்மாவுக்கு மட்டும்

“ரேடியோவுல பேசுனா எங்கம்மாவுக்கு மட்டும் கேக்குமா, மாமா?”

மல்லிகா இப்படிக் கேட்டபோது கருணாகரன் வாயில் ஆணிகளைக் கவ்வியபடி ஏணியில் நின்றிருந்தார். எட்டு வயதுப் பெண். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார்.

“ரேடியோன்னா ஊருக்கே கேக்கும் பாப்பா. தெங்கேராவுல மீன் விக்கிறவனுக்கும் கேக்கும், பங்களாவுல இருக்கிற வெள்ளைக்காரத் துரைக்கும் கேக்கும்.”

“எனக்கு ஊரு வேண்டாம்,” என்றாள் மல்லிகா.

மலாக்காவின் காஜா பெராங்கில் இருந்த அந்தக் காசநோய் இல்லத்துக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். மல்லிகாவின் தாய் பூங்காவனம் சித்திரை மாதத்திலிருந்து உள்ளே கிடந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை அத்தை கமலவேணியின் வீட்டில் வளர்ந்தது. பள்ளி விட்டதும் கம்பிக் கதவுக்கு வந்து நிற்கும். பெண்கள் கூடத்துச் சன்னலில் ஒரு கை தெரியும். கொஞ்சம் அசையும், பிறகு தாழ்ந்துவிடும். தாயும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் அவ்வளவுதான்.

பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத் தேதி அறிவிக்கப்பட்ட வருடம் அது. நாடு விடுதலை பெறும் நாளில் படுக்கையில் கிடப்பவர்களும் அதைக் காதால் கேட்க வேண்டும் என்று இல்லத்துச் செயலாளர் கலியாணசுந்தரம் ஆசைப்பட்டார். நல்ல ஆசைதான். அதற்காகச் சிங்கப்பூரில் யாரோ கழித்துக் கட்டிய ஒலிபெருக்கிக் கருவி ஒன்றை வாங்கிவந்துவிட்டார். ரேடியோ கடை வைத்திருந்த கருணாகரன், புண்ணியமாகப் போகட்டும் என்று அதைப் பொருத்தித்தர ஒப்புக்கொண்டார். அவருடைய கேடுகாலம் அன்றே தொடங்கியது.

மரப்பெட்டியைப் பிரித்தபோது வைக்கோலுக்குள் ரேடியோ, ஒலியைப் பெருக்கும் பெட்டி, நான்கு ஸ்பீக்கர், ஒரு மைக், கட்டுக்கட்டாகக் கம்பிகள் எல்லாம் இருந்தன. கூடவே வந்த புத்தகம் வேறொரு கருவிக்கானது. அதில் சிவப்புக் கம்பி என்று போட்டிருந்த இடத்தில் கருவியில் பச்சைக் கம்பி இருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. மைக்குக்கு இங்கே வேலையில்லை என்று அதை மட்டும் வைக்கோலிலேயே போட்டுவைத்தார்.

இடையில் மல்லிகாவே ஒரு செய்தியோடு ஓடிவந்தாள். அவள் பள்ளிப் பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போய் ரேடியோவில் சிறுவர் நிகழ்ச்சியில் பாடப் போகிறார்களாம். அவளுக்குத் தனியாக ஒரு பாட்டாம்.

“அம்மா கேப்பாங்களா மாமா?”

“கேக்க வைக்கிறேன். இது மாமாவோட வாக்கு,” என்றார் கருணாகரன். வாய்தான், எவ்வளவு சுலபமாக வாக்குக் கொடுத்துவிடுகிறது!

கேட்டிற்குப் பக்கத்துச் சாமான் அறையில் கருவியை வைத்தார். பகலில் சோதித்தால் மணி அடித்ததுபோலப் பேசும். சாயங்காலம் ஆனதும் குரல் மெலிந்து, தேய்ந்து, கடைசியில் வண்டு ரீங்கரிப்பதுபோல ஓர் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அவர் வால்வுகளை மாற்றினார். பலாமரத்து உச்சியில் ஏரியல் கட்டினார். எர்த்துக் கம்பியைச் சுற்றி உப்புத்தண்ணீர் ஊற்றினார். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்தார். மறுநாள் பகலில் பேசியது, மாலையில் ஊமையானது.

எதிர்வீட்டுச் சிட்டி மூதாட்டி, தலைமுறைகளாக மலாய் பேசிவரும் பழைய தமிழ்க் குடியைச் சேர்ந்தவள்; தமிழ் வராது. வேலியோரம் நின்று தினமும் மலாயில், “ராடியோ சுடா பாய்க்?” என்று கேட்பாள். சரியாகிவிட்டதா என்று அக்கறையாகத்தான் கேட்டாள். ஆனாலும் அந்தக் கேள்வி அவர் காதில் ஊசிபோல இறங்கியது. கலியாணசுந்தரமோ வெளிப்படையாகவே குத்தினார்.

“என்ன கருணா, சுதந்திரம் வந்து திரும்பிப் போற வரைக்கும் மாட்டிக்கிட்டே இருப்பீங்களா?”

“நீங்க வாங்கிட்டு வந்த லட்சணம் அப்படி ஐயா. இது ராத்திரியானா வேலைநிறுத்தம் பண்ணுது. யூனியன்ல இருந்த மெஷினோ என்னவோ.”

சிரித்தார்களே தவிர இருவர் மனத்திலும் சிரிப்பு இல்லை.

நிகழ்ச்சி நாள் வந்தது. தாதி மரியம் பூங்காவனத்துக்குத் தலைவாரி, முதுகுக்குத் தலையணை கொடுத்து ஸ்பீக்கர் அருகே உட்காரவைத்தாள். கூடத்தில் இருமல்கூட அடங்கியிருந்தது. விளக்கு வைக்கும் நேரம். “அடுத்து, மலாக்காவிலிருந்து...” என்று ஒரு குரல் சொன்னது. அத்தோடு வண்டு வந்துவிட்டது. சாமான் அறையில் கருணாகரன் கருவியை உருட்டினார், திருகினார், கையால் அடித்துக்கூடப் பார்த்தார். பாட்டுக்கான நேரம் முழுவதும் வண்டுதான் பாடியது.

கூடத்து வாசலில் தலைகுனிந்து நின்றவரைப் பூங்காவனம் கையசைத்துக் கூப்பிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள்.

“வெசனப்படாதீங்கண்ணே. புள்ளகிட்ட... நான் கேட்டேன்னு சொல்லுங்க. நல்லா பாடுச்சுன்னு சொல்லுங்க.”

மறுநாள் அவர் அப்படியே சொன்னார். மல்லிகா அவர் முகத்தையே பார்த்தாள். “சரி மாமா,” என்றாள். அதன்பிறகு கேட்டிற்கு வந்தால் சன்னலை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அவரிடம் பேசுவதில்லை.

சில நாளில் பூங்காவனத்தைக் கூடத்தின் கோடியிலிருந்த தனி அறைக்கு மாற்றினார்கள். அந்த அறைக்குப் போனவர்கள் திரும்பிவருவது அபூர்வம். இப்போது சன்னலில் கையும் தெரியவில்லை.

கார்த்திகை தீபம் வந்தது. அந்தி சாய்ந்ததும் இல்லம் இருந்த சந்தின் தமிழ் வீடுகளில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு வரிசையாக அகல் ஏற்றினார்கள். எதிர்வீட்டு மூதாட்டியும் வாசலில் விளக்கு வைத்தாள். மரியம்கூட, “எங்க வீட்டுல கிடையாது, ஆனா பாக்க அழகால்ல இருக்கு,” என்று சொல்லிக்கொண்டு கூடத்து பல்புகளை அணைத்துச் சன்னல்தோறும் ஓர் அகலை வைத்தாள்.

அந்த நேரத்தில் நான்கு ஸ்பீக்கரும் கணீரென்று செய்தி வாசிக்கத் தொடங்கின.

நோயாளிகள் கைதட்டினார்கள். கருணாகரன் மட்டும் அடிபட்டவர்போலச் சாமான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். மாலையானால் ஊரெல்லாம் விளக்குப் போடுகிறது. கம்பியில் வரும் மின்சாரத்தின் வலு குறைகிறது. பல்புகள் சிவந்து எரிகின்றன. இன்று விளக்குகளை அணைத்ததும் அந்த வலு திரும்பிவிட்டது. தினமும் கண்ணெதிரே எரிந்த பல்பைப் பார்க்காமல் கருவிக்குள்ளேயே குடைந்துகொண்டிருந்திருக்கிறார். கருவியின் முதுகில் குறைந்த மின்சாரத்துக்கென்றே ஒரு துளை இருந்தது. வேறு துளையில் இருந்த பிளக்கைப் பிடுங்கி அதில் செருகினார். அவ்வளவுதான் வேலை. ஒரு வாய் வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

கடவுளை நம்புகிறவன் தன் கைப்பிழையைக் கடவுளின் தலையில் சுமத்தமாட்டான். கருணாகரன் அழுதார். பாடி முடித்த பாட்டு காற்றோடு போய்விட்டது. அதை எந்த ஏரியல் கட்டி இழுப்பது? அப்போதுதான் காலடியில் வைக்கோலுக்குள் கிடந்த மைக் அவர் கண்ணில் பட்டது.

மறுநாள் மத்தியானம் கமலவேணியின் வீட்டுக்குப் போனார். மல்லிகா வாசலில் இருந்தாள். அவர் அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

“பாப்பா, மாமா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். அம்மாவுக்கு உன் பாட்டு கேக்கல. தப்பு என்னோடது.”

“தெரியும்,” என்றாள் மல்லிகா. “நான் நடுவுல வரிய மறந்துட்டு நின்னுட்டேன். டீச்சர்தான் எடுத்துக் குடுத்தாங்க. கேட்டிருந்தா அம்மா அதயும் உங்ககிட்ட சொல்லி அனுப்பிக் கிண்டல் பண்ணிருப்பாங்க.”

இத்தனை நாளும் இதை அவள் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. தாய் மகளுக்காகச் சொன்ன பொய்யை மகள் தாய்க்காகக் காப்பாற்றியிருக்கிறாள். நடுவில் நின்ற தானே சிறியவன் என்று அவருக்குத் தோன்றியது.

“நீ அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, அம்மாவுக்கு மட்டும் கேக்குமான்னு. கேக்கும். வர்றியா?”

காலையிலேயே அவர் எல்லாவற்றையும் செய்துவைத்திருந்தார். பட்டாளத்துப் பழஞ்சாமான்களில் வாங்கிக் கடையில் வைத்திருந்த ஹெட்போனைக் கோடி அறைக்குக் கம்பி இழுத்து மாட்டியிருந்தார். நான்கு ஸ்பீக்கரின் கம்பிகளையும் கழற்றிவிட்டார். பிள்ளை வந்ததும் மரியம் ஹெட்போனைப் பூங்காவனத்தின் காதில் மெல்ல வைத்து, கதவைச் சாத்திவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். விவரம் எதுவும் அவள் கேட்கவில்லை. “கம்பி வச்ச தோடு போட்டு விட்டிருக்கேன்” என்று நோயாளியிடம் விளையாட்டாகச் சொல்லிவிட்டு வந்ததாக மட்டும் சொன்னாள்.

சாமான் அறை கேட்டை ஒட்டியது. அங்கே பிள்ளை வரலாம். கருணாகரன் மைக்கின் தண்டை அவள் வாயளவுக்கு இறக்கினார்.

“இந்தச் சின்ன விளக்கு எரியிற வரைக்கும் பேசலாம். அம்மாவால பதில் சொல்ல முடியாது, பாப்பா.”

“பரவாயில்ல. மாமா, நீங்க கேப்பீங்களா?”

குரல் சரியாகப் போகிறதா என்று ஒட்டுக்கேட்டுப் பார்க்க இன்னொரு ஹெட்போனை அவர் கருவியில் செருகிவைத்திருந்தார். கேட்டுப் பார்க்காமல் எந்த வேலையையும் அவர் முடித்ததில்லை. அதைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். கதவருகே நிற்காமல் பலாமரத்தடி வரைக்கும் நடந்துபோய், சாலையைப் பார்த்து நின்றுகொண்டார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சிட்டி மூதாட்டி வழக்கம்போலக் கேட்ட கேள்விக்கு அவர் ஆமென்று தலையை மட்டும் அசைத்தார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மல்லிகா அதை மெல்லச் சாத்திவிட்டு, அவரைப் பார்க்காமல் கம்பிக் கதவைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்தாள். என்ன பேசினாய் என்று அவர் கேட்கவில்லை. பாடினாளா என்றும் கேட்கவில்லை.

உள்ளே போனார். யாருமில்லாத அறையில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக்கின் வலை ஈரமாக இருந்தது. அதைத் துடைக்காமல் அப்படியே உறையைப் போட்டார். பிறகு விசையை அணைத்தார்.