பாலத்துல சொன்ன பொய்

எனக்குப் பொறுமை கிடையாது. முப்பத்தாறு வருசமா என் வீட்டுக்காரர் பஷீர் என்மேல சொல்ற குறை இது ஒண்ணுதான். அன்னிக்கு அது நிஜமாவே எங்க உயிரை வாங்கப் பாத்துச்சு.

சிம்பாங் அம்பாட்ல இருக்கற மக அதிரா வீட்டுலேருந்து பேத்தி ஹன்னாவை ஏத்திக்கிட்டு கடல் பாலம் தாண்டி, தீவுல இருக்கற எங்க டத்தோ கிராமாட் வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தோம். நாலு வயசுப் புள்ள, பின்னாடி சீட்டுல தூங்கிடுச்சு. காடிய ஓட்டுனது பஷீர். எனக்கு லைசென்ஸ் இருக்கு, ஆனா பாலம்னா பயம்.

அவருக்குப் பார்க்கின்சன் வந்து அஞ்சு வருசம். இடது கை ஓயாம ஆடும். காலு சில நேரம் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடும். நாசி கண்டார் சோத்துக் கடையில நின்னு நின்னு கொழம்பு ஊத்துன மனுசன், கரண்டிய வெச்சுட்டு வீட்டோட உக்காந்துட்டாரு. போன வருசம் ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சின்னு கூப்பிட்டாங்க. பழைய மாத்திரைய விடக்கூடாது, அதோட தினமும் ரெண்டு கேப்சூல் சேத்து சாப்பிடணும். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொல்லுவாங்க.

ரெண்டாவது மாசமே கை அடங்கிடுச்சு. டாக்டர் சோதிச்சுப் பாத்துட்டு, பகல்ல காடி ஓட்டலாம்னாரு. "எனக்குக் கிடைச்சது அசல் சரக்குலா"ன்னு பஷீர் பாக்கறவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டாரு. எனக்கும் அதுல சந்தேகமே இல்ல.

முதல் பாலத்துல ஜாம்னு ரெண்டாவது பாலத்துல ஏறினோம். டோல் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம், என் போன் அடிச்சுச்சு. ஆராய்ச்சி நர்ஸ் பிரமிளா. தகவல் சொல்றதுக்கு என் நம்பரைத்தான் அவரு எழுதிக் கொடுத்திருந்தாரு.

"ஆன்ட்டி, அங்கிளோட ரிசல்ட் வந்துருச்சு. வெளிய இருந்தீங்கன்னா வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்க."

அந்தப் புள்ள சொன்னதக் கேட்டிருக்கலாம்ல? கேக்கல. "பரவால்லம்மா, இப்பவே சொல்லு"ன்னேன். தயங்குச்சு. நான் விடல.

"அங்கிளுக்குக் கொடுத்தது மருந்து இல்ல ஆன்ட்டி, வெறும் கேப்சூல். ஆனா அவரு தேறினது பொய் இல்ல. மருந்துன்னு நம்பினாலே மூளை தானா கொஞ்சம் வேலை செய்யும். டாக்டர் நேர்ல விளக்குவாரு."

சரிம்மான்னு வெச்சேன்.

"பிரமிளாதானே? என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாருங்க."

"ரிசல்ட் வந்துருச்சா?"

எனக்கு வாய் வரல. சும்மா இருக்கற நேரத்துலயே நாலு பேச்சு பேசறவ நான், என் வாய் மூடி அந்த மனுசன் பாத்ததே இல்ல. அதுலயே அவருக்கு ஏதோ தட்டிடுச்சு. ஸ்டியரிங்ல இருந்த இடது கையில மொதல்ல கட்டை விரல் ஆடுச்சு, அப்புறம் மணிக்கட்டு. எட்டு மாசமா காணாமப் போயிருந்த சனியன், என் கண்ணு முன்னாடியே திரும்பி வருது.

ரெண்டு பக்கமும் கடல். கரை எங்கேயோ தூரத்துல கெடக்கு. காத்து காடியத் தள்ளுது. இடது பக்கம் மோட்டார் சைக்கிள்காரங்க போய்க்கிட்டே இருக்காங்க. பின்னாடி ஒரு லாரி. எங்க காடி தொண்ணூறுலேருந்து எழுபதுக்கு வந்துச்சு, அப்புறம் அம்பது.

"மிதிங்க"ன்னேன்.

"காலு கேக்கல, ஹமீதா"ன்னாரு. சத்தமே போடாம சொன்னாரு. அந்த அமைதிதான் என்னை உலுக்கிடுச்சு.

லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் புடிச்சான். கண்ணாடியில அவன் வண்டியோட மூஞ்சி மட்டும்தான் தெரியுது. அதுக்கும் எங்களுக்கும் நடுவுல ஹன்னாவோட தலை. யா அல்லாஹ்.

"அசல் மருந்துதானாம்ங்க"ன்னேன். எங்கேருந்துதான் அந்தக் குரல் வந்துச்சோ. "நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, அதான் பேச முடியல. மெதுவா ஓட்டுங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்."

"நெசமாவா?"

"உங்ககிட்ட நான் எதுக்குங்க பொய் சொல்லப் போறேன்?"

மூச்சை விட்டாரு. கை நின்னுடுச்சு. காலு அழுத்துச்சு, காடி கிளம்புச்சு, லாரி எங்களைத் தாண்டிப் போய்டுச்சு. நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்தக் கை அடங்குனதப் பாத்ததும், லாரியப் பாத்ததவிட அதிகமா பயந்தேன்.

அவரு சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. "அப்போ இனி அந்தப் பழைய மாத்திரை எதுக்கு? போட்டாலே கொமட்டிக்கிட்டு வருது. மத்தியானமே முழுங்கல, அதிரா வீட்டுக் குப்பையில போட்டுட்டேன். புது மருந்து கடைக்கு வந்ததும் அதை மட்டும் வாங்கிக்கலாம்."

பழைய மாத்திரைய சட்டுனு விட்டா உடம்பு இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாயிடும்னு டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொல்லியிருக்காரு. ஆனா கரை வர்ற வரைக்கும் நான் என்ன பேச முடியும்? "ஆமாங்க, ஆமாங்க"ன்னுக்கிட்டே வந்தேன். என் வாழ்க்கையில அவ்வளவு பொறுமையா நான் இருந்ததே இல்ல.

பாலம் இறங்கினதும் ஒரு பெட்ரோல் ஸ்டேஷன்ல, கக்கூஸ் போகணும்னு நிறுத்தச் சொன்னேன். நிறுத்துனாரு. சாவியை எடுத்து என் கையில வெச்சுக்கிட்டேன்.

"உங்களுக்குக் கொடுத்தது வெறும் மாவுங்க. நான் பொய் சொன்னேன். பழைய மாத்திரைய நீங்க விடக்கூடாது."

கோபப்படுவாருன்னு பாத்தேன். படல. முழங்கால் மேல கெடந்த கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அது இன்னும் ஆடல.

"எது பொய், ஹமீதா? அங்க சொன்னதா, இப்போ சொல்றதா?"

"அங்க சொன்னது."

"யோசிச்சு சொல்லு. நீ எதைச் சொல்றியோ அதைத்தான் இந்தக் கை கேக்கப் போகுது."

இன்னொரு தடவை சொன்னா என்ன? ஒரே ஒரு தடவை. அந்தக் கை அப்படியே அடங்கிக் கெடக்கும், அவரு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவாரு, மாத்திரை குப்பைக்குப் போகும்.

"வெறும் மாவு"ன்னேன்.

கட்டை விரல் ஆடுச்சு. அப்புறம் மணிக்கட்டு. கைப்பையிலேருந்து மாத்திரைய எடுத்து, கீழே விழாம அவரு உள்ளங்கையில வெச்சு, என் ரெண்டு கையாலயும் மூடிப் புடிச்சேன். முழுங்கினாரு. என்னைப் பாக்காம சொன்னாரு.

"முப்பத்தாறு வருசத்துல நீ என்கிட்ட அவ்வளவு பிரியமா பேசினது அந்தப் பொய்ல மட்டும்தான்."

இனி நான்தான் ஓட்டணும்னு சாவியோட இறங்கி, சுத்தி வந்து, அவரு பக்கத்துக் கதவைத் தொறந்து, "மெதுவா இறங்குங்க, நான் புடிச்சிருக்கேன்"ன்னேன்.