வேப்பமரத்தடி ஏழு பேர்

ஐஸ்வர்யாவுக்கு விருதுநகரில் ஒரு மேப் கம்பெனியில் வேலை. பெயரும் எண்ணுமாகக் கிடக்கும் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வரியையும் தரையில் அதற்குரிய இடத்தோடு சேர்த்துவிட வேண்டும். பட்டியலில் இருக்கும் அறை எண்ணும் மேப்பில் இருக்கும் அறை எண்ணும் ஒத்துப்போனால் கம்ப்யூட்டரே சேர்த்துக்கொள்ளும். ஒத்துப்போகாத வரி இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கும்.

அரசாங்கப் பாதுகாப்பு ஆய்வுக்கு மேப் போடச் சொல்லி, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் ஆள் பட்டியல் வந்தபோது அப்படி ஏழு வரிகள் நின்றன. அறுபத்தெட்டுப் பேரில் அறுபத்தொரு பேர் தத்தம் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மீதி ஏழு பெண்களுக்கு, அறை எண் இருக்கவேண்டிய கட்டத்தில் ‘வேம்பு’ என்று இருந்தது. ஆலையில் முப்பத்திரண்டு அறைகள் உண்டு. வேம்பு என்று ஓர் அறை கிடையாது.

அவளுக்கு விளங்காமல் இல்லை. ட்ரோன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பதினாலாம் அறைக்குப் பின்னால் ஒரு மரம், அதன் நிழலில் சாக்கு விரிப்பு, அதைச் சுற்றிச் சேலை நிறங்கள். மரத்தடியில் உட்கார்ந்து மருந்து அடைப்பது குற்றம் என்பது இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆலை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். “அது ஃபோர்மேன் கிறுக்கி வச்சது. பக்கத்துல பதினாலுல போட்டுவிடுங்கம்மா” என்றார்கள். மேலாளர் சங்கரலிங்கமும், “சாயங்காலம் குடுக்கணும்மா, சீக்கிரம் முடிச்சுவிடு” என்றார். ஏழு கட்டத்திலும் 14 என்று அடித்தாள். மேப் ஒரு பிசிறில்லாமல் வந்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து வினை வந்தது. நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் பதினோரு பேரா என்று மேப்பைப் பார்த்த ஆய்வு அதிகாரி கேட்டார். ஆலைக்காரர்கள் கொஞ்சமும் வாய் கூசாமல் பழியை ஃபோர்மேன் சோணைமுத்துவின் தலையில் கட்டினார்கள். தங்களுக்குத் தெரியாமல் அவர்தான் ஆட்களை அடைத்துவைத்தார் என்றார்கள். அவருக்கு வேலை போனது. போலீஸ் கேஸும் வரும் என்று பேச்சு.

மறுநாள் சோணைமுத்துவே மேப் கம்பெனிக்கு மாடியேறி வந்தார். தான் எழுதிக் கொடுத்த பட்டியலின் நகல் கையில் இருந்தது.

“தாயி, நான் வேம்புன்னுதானே எழுதிக் குடுத்தேன். ஆளுகளை மரத்தடியில உக்கார வைக்கச் சொன்னது எங்க மொதலாளி. வேண்டாம்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், கேக்கலை. எழுதியாச்சும் வைப்போம், மேல இருக்கவுக கண்ணுல படட்டும்னு நெனைச்சேன். அது எப்படிப் பதினாலாச்சு? மிஷினு மாத்திருச்சோ?”

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. மிஷின் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. அந்த ‘ஆமாம்’ ஐஸ்வர்யாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு மனுஷன் துணிந்து எழுதிய ஒரே ஒரு சொல்லை ஒரு நிமிஷத்தில் அழித்துவிட்டோமே என்று நினைக்க, அவளுக்கு அவமானமாக இருந்தது.

“மிஷின் இல்லண்ணே. நான்தான் மாத்துனேன்.”

“மரம் தெரியலையோ?”

“தெரிஞ்சுச்சு.”

“ஆளுக?”

“அவங்களும் தெரிஞ்சாங்க.”

சோணைமுத்து ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “நாளைக்கு விசாரணை. இதை எழுதிக் குடுப்பீகளா?” என்று மட்டும் கேட்டார்.

உள்ளறையில் சங்கரலிங்கம் செருமினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மரம் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்து, ஏழு பேரையும் அதோடு சேர்த்து மேப்பைப் புதிதாக எடுத்தாள். கூடவே ஒரு கடிதமும் அடித்தாள். ஃபோர்மேன் தந்த பட்டியலில் வேம்பு என்றே இருந்தது, இந்த அலுவலகத்தில்தான் அது 14 என்று மாற்றப்பட்டது என்று எழுதி, கம்பெனி முத்திரையை அழுத்திக் குத்தினாள். தன் மேலேயே அவளுக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

சோணைமுத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் தாளை அவள் பக்கமே திருப்பி நகர்த்தினார்.

“எல்லாம் சரியா இருக்கு தாயி. மாத்துனது யாருன்னுதான் இல்லை. உங்க பேரைக் காணுமே.”